கம்பெனிகளுக்கும் உண்டு ப்ராக்ரஸ் கார்டு!



இந்த வாரம் வேறு ஒரு சமாசாரம் எழுதுவதாக இருந்தேன். அதற்குள் ஒரு மெயில் வந்து உட்கார்ந்துவிட்டது. அனுப்பியவர் புதுச்சேரி, வில்லியனூர் கொம்யூன், ஒதியம்பட்டைச் சேர்ந்த எம்.காம். மாணவி. பேர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். ஏன் என்று படித்தால் உங்களுக்கே புரியும்.

"அண்ணா, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு நான் எடுத்த தலைப்பு, எங்க கொம்யூன்லயும் பக்கத்துலயும் இருக்கற தொழிற்சாலைகள் சுற்றுச்சூழலுக்கு என்ன செய்யறாங்கன்னு. எங்க தெருவுல புதுசா போர் போடறவங்க எல்லாம் முன்னைவிட ஆழமா போக வேண்டியிருக்கு. அதனாலதான் இந்தத் தலைப்பு. கேட்டவங்க எல்லாரும் சூப்பர்னாங்க. 42 கேள்வி ரெடி பண்ணி, 16 கம்பெனிக்கு நேர்ல கொண்டுபோய்க் கொடுத்தேன். 11 இடத்துல கேட்டைத் தாண்டவே விடலை. செக்யூரிட்டி கவரை வாங்கி டேபிள் மேல வெச்சுக்கிட்டார், அவ்வளவுதான். ஒரு கம்பெனியில இருந்து போன் பண்ணி, 'உன்னை அனுப்பினது எந்தக் கட்சி?'ன்னு கேட்டாங்க. இன்னொரு இடத்துல ஏசி ரூம்ல உட்கார வெச்சு, காபி கொடுத்து, ஒரு டைரியும் ஒரு காலண்டரும் கொடுத்து அனுப்பிட்டாங்க. மிச்சம் மூணு பேரு 'மேனேஜர் டூர்ல இருக்கார்'னு இன்னிக்கு வரைக்கும் சொல்றாங்க. கைடுகிட்ட போய் அழுதேன். 'இதுக்குப் போயா அழறே? எல்லாரும் செய்யறதுதான். 16 ஃபார்மையும் நீயே ஃபில் பண்ணிடு. எல்லாத்துக்கும் ஒரே பேனாவை யூஸ் பண்ணாதே'ன்னார். அடுத்த மாசம் சப்மிஷன். நான் என்ன பண்றது?"

கடைசி வரியைப் படித்துவிட்டுச் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை. அந்த "ரெண்டு பேனா டெக்னிக்" எத்தனை கல்லூரியில், எத்தனை வருஷமாக நடக்கிறது என்று நமக்கெல்லாம் தெரியும். கை தூக்கச் சொன்னால் பாதி கிளாஸ் தூக்கும்!

தங்கச்சி, முதலில் ஒரு விஷயம். உங்களுக்கு நடந்தது உங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. கம்பெனிகளுக்குச் சுற்றுச்சூழல் மார்க் போடுவதையே தொழிலாக வைத்திருக்கிற உலக மகா அமைப்புகளுக்கும் இதே கேட், இதே செக்யூரிட்டி, இதே "மேனேஜர் டூர்" எல்லாம் நடந்திருக்கிறது. அவர்கள் டைரியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகவில்லை. வேறு ஒரு வேலை செய்தார்கள். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

டில்லியில் சி.எஸ்.இ. என்று ஓர் அமைப்பு. அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம். 1980-ல் அனில் அகர்வால் ஆரம்பித்தது. 1997-ல் இவர்களுக்கு ஒரு யோசனை. காலேஜுக்கு ரேங்க் போடுகிறோம், சினிமாவுக்கு மார்க் போடுகிறோம், ஃபேக்டரிக்கு ஏன் போடக்கூடாது? "கிரீன் ரேட்டிங் ப்ராஜெக்ட்" என்று பேர் வைத்தார்கள். முதலில் கையில் எடுத்தது காகித ஆலைகளை. ஏனென்றால் தண்ணீரும் அதிகம் குடிக்கும், கழிவும் அதிகம் விடும், மரமும் வேண்டும்.

பிரச்னை என்னவென்றால், சி.எஸ்.இ. ஒரு தன்னார்வ அமைப்பு. அரசாங்கம் இல்லை. "கணக்கைக் காட்டு" என்று கேட்க எந்தச் சட்டமும் அவர்கள் கையில் இல்லை. உங்களைப் போலவே ஒரு கேள்வித்தாள், ஒரு கவரிங் லெட்டர். அவ்வளவுதான்.

ஆனால் கூடவே ஒரு கண்டிஷன் போட்டார்கள் பாருங்கள், அங்கேதான் விஷயமே இருக்கிறது. "நீங்கள் தகவல் கொடுத்தால் அதை வைத்து மார்க் போடுவோம். கொடுக்காவிட்டால் உங்களை லிஸ்ட்டிலிருந்து தூக்கிவிட மாட்டோம். வெளியே கிடைக்கிற தகவலை வைத்து மார்க் போடுவோம். மறைத்தவர் என்பதும் சேர்த்தே வெளியே வரும்."

யோசித்துப் பாருங்கள். பரீட்சைக்கு வராதவனுக்கு "ஆப்சென்ட்" போட்டு விட்டுவிட்டால், அவன் ஜாலியாக மேட்னி போவான். ஆப்சென்ட் ஆனாலும் நோட்டீஸ் போர்டில் பேர் வரும், கடைசியில் வரும் என்றால்? முந்தின நாள் ராத்திரி யாரிடமாவது நோட்ஸ் வாங்கியாவது எழுத வந்துவிடுவான் இல்லையா?

வந்தார்கள். 1999 ஜூலையில் ரிசல்ட் வெளியானது. 28 ஆலைகள். ஸ்டாருக்குப் பதிலாக இலைகள், அதிகபட்சம் அஞ்சு இலை. அஞ்சு இலை வாங்கிய ஆலை எது தெரியுமா? ஒன்றும் கிடையாது! முதலிடம் பிடித்த ஒடிசா, ராயகடாவில் உள்ள ஜே.கே. காகித ஆலைக்கே மூன்று இலைதான். நம்ம ஊர் அரியர் கணக்கில் சொன்னால், யுனிவர்சிட்டி ஃபர்ஸ்ட்டே செகண்ட் கிளாஸ் மாதிரி.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, அவர்கள் ஆலைக்குள் கேட்ட கேள்வியோடு நிற்கவில்லை என்பது. ஆலையைச் சுற்றியுள்ள ஊர்களில் உள்ளூர் ஆர்வலர்களை "கிரீன் இன்ஸ்பெக்டர்" என்று சேர்த்துக்கொண்டு, ஊர்க்காரர்களிடம் விசாரித்தார்கள். கிணறு எப்படி இருக்கிறது, ஆற்றில் மாடு இறங்குகிறதா, ராத்திரி நாற்றம் வருகிறதா என்று. கம்பெனி சொன்னதையும் ஊர் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அப்புறம் மார்க் போட்டதை வெளியிடுவதற்கு முன்னால் கம்பெனிக்கே காட்டி, "தப்பு இருந்தால் சொல்லுங்கள்" என்று கேட்டார்கள். பயமுறுத்தியும் ஆயிற்று, நியாயமாகவும் நடந்தாயிற்று.

அப்புறம் கார், காஸ்டிக் சோடா, சிமென்ட், இரும்பு என்று வரிசையாகப் போனார்கள். அனில் அகர்வால் 2002 ஜனவரியில் இறந்த பிறகும் வேலை நிற்கவில்லை. 2015-ல் அனல் மின்நிலையங்களுக்கு ரேட்டிங். 47 நிலையங்கள். சராசரி மார்க் எவ்வளவு? நூற்றுக்கு 23! அப்போது நாட்டின் மிகப் பெரிய மின் உற்பத்தி நிறுவனமான என்.டி.பி.சி. தகவல் தர மறுத்துவிட்டது. மத்திய அரசு நிறுவனம், உங்கள் கேட் செக்யூரிட்டியைவிடப் பெரிய கேட்! சி.எஸ்.இ. என்ன செய்தது? அவர்களின் ஆறு நிலையங்களுக்கு நேரில் சர்வே செய்து மார்க் போட்டது. "இவர்கள் தகவல் தரவில்லை" என்பதும் ரிப்போர்ட்டில் ஏறியது.

"சரிண்ணா, மார்க் போட்டா மாறிடுவாங்களா?" என்றுதானே கேட்கிறீர்கள்? நியாயமான கேள்வி. இதையே பவர்ஸ், பிளாக்மேன், லயன், நரைன் என்று நான்கு பொருளாதார ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்து 2011-ல் ஒரு கட்டுரை போட்டார்கள். காகித ஆலைகளின் கழிவு அளவை ரேட்டிங்குக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டார்கள். ரிசல்ட் சுவாரஸ்யம். ரொம்ப அழுக்காக இருந்த ஆலைகள் கணிசமாகக் குறைத்துக்கொண்டன. ஏற்கெனவே ஓரளவு சுத்தமாக இருந்தவை? அப்படியே இருந்தன. ஃபர்ஸ்ட் பெஞ்ச்காரனுக்கு மானம் போகாது, அதனால் அவன் அசையவில்லை. லாஸ்ட் பெஞ்ச்தான் அசைந்தது. ஊர்க் கிணற்றைக் கெடுப்பது பெரும்பாலும் லாஸ்ட் பெஞ்ச்தான் என்பதால் எனக்கு இது நல்ல செய்தியாகத்தான் படுகிறது.

இதே விளையாட்டை இந்தோனேஷியா அரசாங்கமே ஆடியது. 1995-ல் "ப்ரோப்பர்" என்று ஒரு திட்டம். ஃபேக்டரிகளுக்கு மார்க்குக்குப் பதில் கலர். தங்கம், பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று அஞ்சு. நீலம் என்றால் சட்டத்துக்கு உட்பட்டு இருக்கிறது என்று அர்த்தம். முதல் ரவுண்டில் 187 ஃபேக்டரி. தங்கம் பூஜ்யம், பச்சை 5, நீலம் 61, சிவப்பு 115, கறுப்பு 6. அவர்கள் செய்த சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். ஜூனில் அந்த 5 பச்சையை மட்டும் பேர் சொல்லிப் பாராட்டினார்கள். மற்றவர்களிடம், "உங்கள் கலர் உங்களுக்குத் தெரியும். டிசம்பரில் ஊருக்குத் தெரியும்" என்று ஆறு மாசம் டைம் கொடுத்தார்கள். கலர் தெரியாத ஃபேக்டரியைவிட, தன் கலர் தெரிந்து அது வெளியே வரப்போகிறது என்று தெரிந்த ஃபேக்டரிதான் வேகமாக வேலை செய்யும். நடுவில் பொருளாதார நெருக்கடியில் திட்டம் நின்றுபோய், 2002-ல் மறுபடி ஆரம்பித்தது. நம் நாட்டில் மகாராஷ்டிரா மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2017-ல் புகைக்கூண்டுகளுக்கு ஸ்டார் போட ஆரம்பித்தது இதே வழியில்தான்.

இது ஒரு ரூட். இன்னொரு ரூட், காசு!

லண்டனில் 2000-ல் சி.டி.பி. என்று ஒன்று ஆரம்பித்தார்கள். அவர்கள் கண்டுபிடித்தது ரொம்ப சிம்பிள். மாணவன் கேட்டால் கம்பெனி பதில் சொல்லாது, பேப்பர்காரன் கேட்டாலும் சொல்லாது. பங்கு வாங்கி வைத்திருக்கிறவன் கேட்டால்? சொல்லித்தான் ஆகவேண்டும். 35 பெரிய முதலீட்டு நிறுவனங்களைச் சேர்த்து, அவர்கள் கையெழுத்தோடு உலகின் 500 பெரிய கம்பெனிகளுக்கு "நீங்கள் எவ்வளவு கரியமிலவாயு விடுகிறீர்கள்?" என்று ஒரு கேள்வித்தாள் அனுப்பினார்கள். 2003-ல் முதல் ரிப்போர்ட். அந்த முதல் தடவை பதில் சொன்னது சுமார் பாதிப்பேர்தான். கவனியுங்கள், கோடிக்கணக்கில் பணத்தை வைத்திருப்பவர்கள் கேட்டே பாதிப்பேர்தான்! இன்றைக்கு அதே சி.டி.பி.க்கு வருஷத்துக்கு இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகள் பதில் எழுதுகின்றன. 'ஏ'யிலிருந்து 'டி மைனஸ்' வரை கிரேடு. 'எஃப்' என்றும் ஒன்று உண்டு. மோசமாக எழுதினால் எஃப் இல்லை, கேட்டும் எழுதாமல் விட்டால் எஃப்!

அங்கேயும் அதே தந்திரம்தான் பார்த்தீர்களா? மௌனத்துக்கும் ஒரு மார்க்.

மூன்றாவது ரூட் சட்டம். நம் செபி 2012-ல் முதல் 100 பெரிய லிஸ்டட் கம்பெனிகளை "பொறுப்பு அறிக்கை" கொடுக்கச் சொன்னது. கொஞ்சம் கொஞ்சமாக 1000 வரை நீட்டியது. 2021-ல் அதையே விரிவாக்கி பி.ஆர்.எஸ்.ஆர். என்று புது ஃபார்மேட் கொண்டு வந்து, 2022-23 நிதியாண்டிலிருந்து முதல் 1000 கம்பெனிக்குக் கட்டாயமாக்கியது. எவ்வளவு மின்சாரம், எத்தனை கிலோலிட்டர் தண்ணீர், அதில் நிலத்தடி நீர் எவ்வளவு, லாரியில் வாங்கியது எவ்வளவு, எவ்வளவு கழிவு, ஊர்க்காரர்களிடமிருந்து எத்தனை புகார் வந்தது, எத்தனை பாக்கி என்று வரிவரியாக இருக்கும். பக்கத்திலேயே போன வருஷக் கணக்கும் இருக்கும். கம்பெனி வெப்சைட்டிலும் பங்குச் சந்தைத் தளத்திலும் ஃப்ரீயாகக் கிடைக்கிறது. செக்யூரிட்டி கிடையாது, காபி கிடையாது, டவுன்லோடுதான்!

தங்கச்சி, உங்கள் 16 பேரில் லிஸ்டட் கம்பெனி யாராவது இருந்தால், அல்லது லிஸ்டட் கம்பெனியின் ஃபேக்டரி இருந்தால், உங்கள் 42 கேள்வியில் பாதிக்குப் பதில் ஏற்கெனவே அச்சாகி வெளியே கிடக்கிறது. உதாரணத்துக்கு, உங்கள் கொம்யூனிலேயே வடமங்கலத்தில் ஹிந்துஸ்தான் யூனிலீவருக்கு ஒரு ஃபேக்டரி இருக்கிறது. அது லிஸ்டட் கம்பெனி, அறிக்கை உண்டு. ஆனால் ஒரு சிக்கல். அதில் வருவது இந்தியா முழுக்க உள்ள எல்லா ஃபேக்டரிக்கும் சேர்த்த கூட்டுத்தொகை. வடமங்கலத்துக்கு எவ்வளவு என்று தனியாகத் தேடினால் கிடைக்காது. தண்ணீர்த் தட்டுப்பாட்டுப் பகுதியில் உள்ள ஃபேக்டரிகளுக்கு மட்டும் ஊர் பேரோடு தனிக் கணக்கு கேட்கும் பகுதி ஒன்று ஃபார்மேட்டில் இருக்கிறது. அது "விருப்பம் இருந்தால் சொல்லலாம்" வகை. எந்த லிஸ்டட் கம்பெனியாக இருந்தாலும் அறிக்கையில் அந்தப் பகுதியைத் தேடிப் பாருங்கள். நிரப்பியிருந்தால் எழுதுங்கள், காலியாக இருந்தால் அதையும் எழுதுங்கள்.

யூனிலீவர் பேச்சு வந்ததால் ஒரு பழைய கதை. இது மார்க் போடுகிறவர்களும் படிக்க வேண்டிய கதை. 1999-ல் டோ ஜோன்ஸ் ஒரு "நிலைத்த வளர்ச்சி" குறியீடு தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் சாம் நிறுவனம் நீளமான கேள்வித்தாள் அனுப்பி மார்க் போடும். உணவுத் துறையில் யூனிலீவர் வருஷக்கணக்காகத் தொடர்ந்து முதலிடம். அதே சமயத்தில் கொடைக்கானலில் என்ன நடந்தது? அங்கே தெர்மாமீட்டர் ஃபேக்டரி. 1983-ல் பாண்ட்ஸ் கொண்டுவந்தது, பிறகு யூனிலீவர் குழுமத்தின் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில் ஊர்க்காரர்களும் கிரீன்பீஸும் சேர்ந்து, மூஞ்சிக்கல்லில் ஒரு காயலான் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கொட்டிக் கிடப்பதை வெளியே கொண்டுவந்தார்கள். ஃபேக்டரி மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. தொழிலாளர்கள் விடவில்லை. பதினைந்து வருஷம் கழித்து, 2016 மார்ச்சில், 591 முன்னாள் தொழிலாளர்களுடன் கம்பெனி உடன்படிக்கை செய்துகொண்டது. தொழிலாளர்களின் உடல்நலத்துக்கு ஃபேக்டரியால் கேடு இல்லை என்பதுதான் கம்பெனி சொல்லி வந்தது. மனிதாபிமான அடிப்படையில் உதவுகிறோம் என்றார்கள்.

இதைச் சொல்வது அந்தக் கம்பெனியைத் திட்டுவதற்கு இல்லை. லண்டனில், ரோட்டர்டாமில் கேள்வித்தாள் நிரப்பியவர்கள் பொய் எழுதினார்கள் என்றும் சொல்லவில்லை. அவர்களைக் கேட்ட கேள்விகளுக்கு நல்ல பதில் இருந்திருக்கும், முதல் மார்க்கும் கிடைத்திருக்கும். மூஞ்சிக்கல் காயலான் கடைக்குப் போய்ப் பார் என்று எந்தக் கேள்வித்தாளிலும் ஒரு கேள்வி இருக்காதே! சி.எஸ்.இ. உள்ளூர் ஆட்களை கிரீன் இன்ஸ்பெக்டராக வைத்துக்கொண்டது ஏன் என்று இப்போது புரிகிறதா? நீங்கள் ஒதியம்பட்டில் இருக்கிறீர்கள். உங்கள் தெருவில் போர் எவ்வளவு ஆழம் போகிறது என்று உங்களுக்குத் தெரியும். அது நியூயார்க்கில் உட்கார்ந்திருக்கிற அனலிஸ்ட்டுக்குத் தெரியாது. உங்கள் ப்ராஜெக்ட்டின் பலமே அதுதான். 42 கேள்வியில் அதைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம்!

இன்னொரு சூட்சுமம். அறிக்கைகளில் "இன்டென்சிட்டி" என்று ஒரு வார்த்தை அடிக்கடி வரும். ஒரு ரூபாய் விற்பனைக்கு எவ்வளவு தண்ணீர் என்ற கணக்கு. சும்மா ஒரு உதாரணம். ஒரு கம்பெனிக்கு 100 கோடி விற்பனை, 1 லட்சம் கிலோலிட்டர் தண்ணீர். கோடிக்கு 1000 கிலோலிட்டர். அடுத்த வருஷம் சோப்பு விலையை ஏற்றிவிட்டார்கள், அதே சோப்பு, அதே எண்ணிக்கை, விற்பனை 120 கோடி. தண்ணீர் அதே 1 லட்சம்தான். இப்போது கோடிக்கு 833 கிலோலிட்டர். "தண்ணீர்ப் பயன்பாட்டுத் தீவிரம் 17 சதவிகிதம் குறைந்தது" என்று அட்டையில் பச்சை எழுத்தில் போட்டுக்கொள்ளலாம். பூமியிலிருந்து ஒரு சொட்டுகூடக் குறைவாக எடுக்கவில்லை! எம்.காம். படிக்கிற உங்களுக்கு இந்த வித்தையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மொத்த அளவையும், ஒரு டன் பொருளுக்கு எவ்வளவு என்பதையும் பாருங்கள். ஃபார்மேட்டிலேயே இப்போது உற்பத்தி அளவை வைத்தும் கணக்குக் கேட்கிறார்கள்.

"எல்லாம் சரிண்ணா, என் லிஸ்ட்ல முக்கால்வாசி சின்னக் கம்பெனிங்க. அவங்க ஷேர் மார்க்கெட் பக்கமே போனதில்லையே?"

தெரியும். அவர்களுக்கு வேறு கதவு இருக்கிறது.

தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம், 1974. அதில் 25-வது பிரிவை எடுத்து, ஆறாவது உட்பிரிவைப் படியுங்கள். எந்தெந்த ஃபேக்டரிக்கு என்ன நிபந்தனையில் கழிவுநீர் விட அனுமதி கொடுத்தோம் என்று ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டும், சம்பந்தப்பட்டவர்களும் பாதிக்கப்படுகிறவர்களும் வந்து பார்க்கலாம் என்று அதில் இருக்கிறது. உங்கள் ஊரில் அந்த அலுவலகம் புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமம். அடுத்தது, 1990-களிலிருந்தே இருக்கிற "ஃபார்ம் 5". அனுமதி வாங்கிய ஃபேக்டரிகள் மார்ச் 31-ல் முடிகிற ஆண்டுக்கு, செப்டம்பர் 30-க்குள் சுற்றுச்சூழல் அறிக்கை ஒன்று கொடுக்க வேண்டும் என்று விதி. எவ்வளவு தண்ணீர் எடுத்தோம், ஒரு யூனிட் பொருளுக்கு எவ்வளவு, என்ன கழிவு வந்தது என்பதெல்லாம் அதில் வரும். நீங்கள் கேட்டதும் கிட்டத்தட்ட அதுதான்! ப்ரைவேட் கம்பெனியிடம் ஆர்.டி.ஐ. போட முடியாது. ஆனால் அவர்கள் அரசு அலுவலகத்தில் கொடுத்த காகிதத்தைக் கேட்டு அந்த அலுவலகத்துக்கு ஆர்.டி.ஐ. போடலாம். 10 ரூபாய், 30 நாள். வியாபார ரகசியம் என்று சிலதை மறுக்க வழி உண்டு. ஆனால் போர்வெல் தண்ணீர் அளவு என்ன ரகசியம்?

30 நாள் என்றால் சப்மிஷனுக்குள் வருமா என்று பயம் வரும். இன்றைக்கே போடுங்கள். வராவிட்டால், "இந்தத் தேதியில் கேட்டேன், சப்மிஷன் வரை வரவில்லை" என்று தேதியோடு எழுதுங்கள்.

இப்போது அந்தக் கேள்வித்தாள். இணைப்பில் அனுப்பியிருந்தீர்கள், படித்தேன். கோபித்துக்கொள்ளக் கூடாது. முதல் கேள்வி என்ன? "உங்கள் நிறுவனம் சுற்றுச்சூழலை மாசுபடுத்துகிறதா? ஆம் / இல்லை." ஏம்மா, இதற்கு "ஆம்" என்று டிக் அடிக்க ஒரு மேனேஜர் பிறந்து வரணும்! இதைப் பார்த்த மனுஷன்தான் "எந்தக் கட்சி?" என்று போன் பண்ணியிருப்பார். அவரையும் குறை சொல்ல முடியாது. அவர் வேலைக்கு அவர் பயப்படுகிறார். சின்ன யூனிட் நடத்துகிறவருக்கு ஏற்கெனவே ஆயிரம் ஆபீசர், ஆயிரம் கையெழுத்து. நீங்கள் யாரோ, ஏன் கேட்கிறீர்களோ, எங்கே போடுவீர்களோ என்று அவருக்குத் தெரியாது.

42-ஐ 10 ஆக்குங்கள். கருத்துக் கேட்காதீர்கள், எண்ணைக் கேளுங்கள். "சென்ற நிதியாண்டில் போர்வெல்லிலிருந்து எடுத்த தண்ணீர் எத்தனை கிலோலிட்டர்?" என்பது மாதிரி. பதிலை ஈ.பி. பில்லிலிருந்தோ மீட்டரிலிருந்தோ அவர் பார்த்து எழுத முடிய வேண்டும். 16 பேருக்கும் ஒரே கேள்விதான் போகிறது என்று மேலேயே எழுதுங்கள். பக்கத்து ஷெட்காரனுக்கும் இதே தாள் போயிருக்கிறது என்று தெரிந்தால் பாதி பயம் போகும், மீதி பாதி ஆர்வமாக மாறும். கவரை "மேனேஜர் அவர்கள்" என்று போடாமல், பாதுகாப்பு, சுற்றுச்சூழல் பார்க்கிற ஆள் யார் என்று விசாரித்து அவர் பேரில் போடுங்கள். பெரும்பாலும் நம்ம வயசை ஒட்டிய இன்ஜினீயராக இருப்பார். தான் போட்ட சுத்திகரிப்பு நிலையத்தைப் பற்றிப் பேச ஒரு ஆள் கிடைக்க மாட்டாரா என்று ஏங்கிக்கொண்டிருப்பார்! வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்புகிற கம்பெனியாக இருந்தால், அவர்களுடைய கஸ்டமரே இந்த மாதிரி கேள்வித்தாளை ஏற்கெனவே நிரப்ப வைத்திருப்பார். பாரிஸில் 2007-ல் தொடங்கிய ஈகோவாடிஸ் மாதிரி அமைப்புகளுக்கு அதுதான் தொழில். "கஸ்டமருக்குக் கொடுத்ததில் எதைப் பகிர முடியும்?" என்று கேட்டுப் பாருங்கள், சுலபமாக முடிந்துவிடும்.

முக்கியமாக, லெட்டரின் கடைசியில் சி.எஸ்.இ. போட்ட அந்த வரியை மரியாதையாகப் போடுங்கள். "தங்கள் பதில் வராத பட்சத்தில், பொதுவில் கிடைக்கும் ஆவணங்களைக் கொண்டு தங்கள் நிறுவனம் பற்றிய பகுதி எழுதப்படும். சமர்ப்பிக்கும் முன் அதன் நகல் தங்களுக்கு அனுப்பப்படும், திருத்தம் இருந்தால் ஏழு நாட்களுக்குள் தெரிவிக்கலாம்." மிரட்டல் இல்லை. ஆனால் டூரில் இருக்கிற மேனேஜர்கள் சீக்கிரம் ஊர் திரும்ப இது உதவும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. கல்லூரி லெட்டர்பேடில், துறைத் தலைவர் கையெழுத்தோடு போனால் இன்னும் நல்லது. கைடு கையெழுத்துப் போடத் தயங்கினால், அந்த இரண்டு பேனாவில் ஒன்றை அவரிடமே நீட்டுங்கள்!

ஃபார்மை நீங்களே நிரப்பினால் என்ன ஆகும்? மார்க் வரும். ஆனால் வில்லியனூர் கொம்யூனில் 16 கம்பெனியும் மழைநீர் சேகரிக்கிறார்கள், 14 பேர் கழிவுநீரைச் சுத்திகரிக்கிறார்கள் என்று ஒரு பொய் பைண்டு பண்ணி லைப்ரரியில் ஏறிவிடும். நாலு வருஷம் கழித்து உங்கள் தெருக்காரர் யாராவது தண்ணீர் கெட்டுப்போச்சு என்று புகார் கொடுத்தால், எதிர்த்தரப்பு அந்தப் புத்தகத்தை எடுத்துக் காட்டும். "பாருங்க, உங்க ஊர்ப் பொண்ணே ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்கு."

அதனால் ஒரு டேபிள் போடுங்கள். இடது பக்கம் 16 கம்பெனி. மேலே 10 கேள்வி. ஒவ்வொரு கட்டத்திலும் மூன்றில் ஒன்று வரும்: கம்பெனி சொன்னது, ஆவணத்தில் கிடைத்தது, பதில் இல்லை. பேருக்குப் பதில் "அ", "ஆ" என்று எழுத்துப் போட்டாலும் போதும். உங்களுக்கும் கல்லூரிக்கும் தலைவலி இருக்காது. பக்கத்தில் உங்கள் தெருவில் பத்து வீட்டுக்காரர்களிடம் போர் ஆழம் கேட்டு, எந்த வருஷம் போட்டது என்று வரிசைப்படுத்துங்கள். கம்பெனிதான் காரணம் என்று எழுதிவிடாதீர்கள், அதை நிரூபிக்க வேறு படிப்பு வேண்டும். ஆழத்தை மட்டும் எழுதுங்கள். வைவாவில் "ஏன் இவ்வளவு காலிக் கட்டம்?" என்று எக்ஸ்டர்னல் கேட்டால், சி.டி.பி.யின் எஃப் கிரேடைச் சொல்லுங்கள், சி.எஸ்.இ.யின் 2015 ரிப்போர்ட்டைச் சொல்லுங்கள்.

அந்த டைரியும் காலண்டரும் கொடுத்த கம்பெனிக்கு நேரே என்ன எழுதுவது என்று கேட்பீர்கள். நடந்ததை எழுதுங்கள். "பெறப்பட்டவை: டைரி 1, காலண்டர் 1. பதில்: இல்லை."

சப்மிஷன் முடிந்ததும் ஒரு மெயில் போடுங்க தங்கச்சி. எத்தனை கட்டம் நிரம்பியது என்று இந்தப் பக்கத்திலேயே சொல்கிறேன். மத்தவங்களுக்கு... அடுத்த வாரம் பார்க்கலாம்!